மேற்கே ஒரு கீற்று

மார்ச் 4

இன்றைக்கு நோன்புக் கஞ்சியில் உப்புக் கூடிவிட்டது. இவர் குறை சொல்லாமல் குடித்தார். நோன்பு திறக்கிற நேரத்தில் மட்டும்தான் என் புருஷன் ஜஸீல் நல்ல பிள்ளை. மற்ற நாளில் தேத்தண்ணியில் கொஞ்சம் சீனி குறைந்தாலும் முகம் கோணிவிடும்.

தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம், எதிர்வீட்டு யோகம்மா டீச்சர் கதவைத் தட்டினார். "ஜெஸீமா, ஒருக்கா வெளியில வாரும். அது திரும்பத் திரும்ப வந்து சுத்துது" என்றார். வெளியே பாதித் தெரு நின்றது. நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் வருகிறது, வளைகிறது, போகிறது, மறுபடி அதே இடத்துக்கு வருகிறது. ஒருவர் ட்ரோன் என்றார். இன்னொருவர், மலை சரியப் போகிறதா என்று இரகசியமாகப் பார்க்கிறார்கள் என்றார். போன மழையில் மண் சரிந்த பிறகு பதுளையில் மலை என்ற சொல்லைக் கேட்டாலே யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள்.

நான் போனை எடுத்தேன். மகன் ஸியாம் மாலைதீவு ஹோட்டல் வேலைக்குத் திரும்பிப் போனபோது விமானங்களைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுத் தந்துவிட்டுப் போனான். அன்றைக்கு அந்தக் குட்டி மஞ்சள் பிளேன் கடலைத் தாண்டி இறங்கும்வரை நான் சோறு சாப்பிடவில்லை. பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

செயலியில் எல்லாம் தெளிவாக இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்த பிளேன். அங்கே இடிமழை. இறங்க இடம் கிடைக்கும்வரை மலைக்கு மேல் வட்டமடிக்கிறது. அது போன பாதை ஒரே இடத்தில் சங்கிலி வளையம் போல விழுந்திருந்தது. டீச்சருக்குக் காட்டினேன். "அப்பாடா! இல்லாட்டி நான் விடிய விடிய முழிச்செல்லோ இருந்திருப்பன்" என்றார். ட்ரோன்காரர் மட்டும் நம்பாமலே வீட்டுக்குப் போனார்.

இவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டுல ஒரு கொன்ட்ரோல் டவர் இரிக்கி, எனக்கே தெரியா" என்றார். அதிலிருந்து என் பெயர் டவர். "டவர், சேர்ட் எங்க?" "டவர், ஸஹருக்கு என்ன கறி?"

மார்ச் 11

இவருடைய தங்கச்சி ஸஜீதா வந்தாள். அவள் மகள் ஷிப்னாவின் நிக்காஹ் ஏப்ரல் ஐந்துக்கு உறுதியாகிவிட்டது. "சாட்சிக் கையெழுத்து நானாதான் போடணும்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். இதைக் கேட்கவே வேண்டியதில்லை. இந்தத் தெருவில் இவர் சாட்சி நிற்காத நிக்காஹ் குறைவு. எங்கள் புடவைக் கடையில் விலை பேசும்போது எப்படியோ, மற்றபடி ஜஸீல் ஒன்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

போகும்போது ஸஜீதா வானத்தைக் காட்டி, "மதினி, அந்த நட்சத்திரம் பெருசாகிக்கிட்டே வருது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தேன். நட்சத்திரமாவது! நேரே எங்களைப் பார்த்து வரும் பிளேன் அசையாமல் நிற்கிற மாதிரித்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரும்பியது, சிவப்பு விளக்குத் தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 19

நோன்பு இருபத்தொன்பது. இன்றைக்குப் பிறை கண்டால் நாளைக்குப் பெருநாள். இதை எழுதும்போது என் இடது கை முழுக்க மருதோண்டி. வலது கையில் ஒன்றும் இல்லை.

பின்னேரம் இவர் வேனில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். தோட்டத்துப் பெண்கள் சித்திரைப் புதுவருடத்துக்குச் சொல்லிவைத்த சேலைகளைக் கொடுத்துவிட்டு, வரும் வழியிலேயே நோன்பு திறப்பதாகச் சொல்லிப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துப்போனார். இருட்டிய பிறகு வந்தார். அந்த முகத்தை நான் ஸியாம் பிறந்த அன்றைக்குப் பார்த்ததுதான்.

"கண்டேன் ஜெஸீமா. என்ட கண்ணால பிறை கண்டேன்."

தேயிலைச் சரிவில் மேற்கு வானம் திறந்து தெரியும் வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே வேனை நிறுத்தி நோன்பு திறந்துவிட்டு நிமிர்ந்தாராம். சூரியன் இறங்கிய இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, மெல்லிய வெள்ளிக் கீற்று, வளைந்து நின்றதாம். லயத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாயியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பெரியாயி எங்கள் கடையின் பழைய வாடிக்கை. "ஆமாங்க மொதலாளி, நல்லா தெரியுதுங்க" என்றாளாம். அந்த வளைவில் இவருடைய போனுக்குச் சிக்னல் கிடையாது. பள்ளிவாசல் தலைவர் ஹுமைத் ஹாஜியாருக்குச் சொல்வதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்தபடி மறுபக்கம் ஓடியிருக்கிறார். சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது கீற்று இல்லை, பெரியாயியும் போய்விட்டாள். "இளம் பிறைதானே, இறங்கிட்டு" என்றார்.

ஹாஜியார் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், கொம்பு எப்படி என்று எல்லாம் கேட்டாராம். இவர் அல்லாஹ்வின் பெயரால் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். செய்தி கொழும்பில் பிறையை முடிவு செய்கிறவர்களுக்குப் போனது. ஆனால் தெரு யாருக்குக் காத்திருக்கும்? பட்டாசு வெடித்தார்கள். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். இறைச்சிக் கடை பவாஸ் எத்தனை கிலோ என்று போன் எடுத்தான். நான் மருதோண்டி அரைத்ததை எடுத்து ஒரு கைக்கு வைத்து முடித்திருந்தேன்.

அப்போது வானொலியில் அறிவித்தார்கள். நாட்டின் எந்தப் பகுதியிலும் பிறை உறுதியாகவில்லை. நாளைக்கும் நோன்பு, முப்பதாவது. தெருவில் பட்டாசுச் சத்தம் அப்படியே நின்றது. இவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் வலது கைக்கு வைக்கவில்லை.

மார்ச் 20

ஒரே வீட்டில் எனக்கு நோன்பு. இவருக்கு?

விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்பி வந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ட ஆளுக்கு இண்டைக்குப் பெருநாள். பெருநாள்ல நோன்பு பிடிக்கிறது ஹராம். யாருக்கும் காட்டாம நோன்பை விடணும்" என்றார். ஓதிக் கேட்டது எனக்கும் தெரியும். தனியாகக் கண்டவன் தான் கண்டபடி நடக்க வேண்டும், ஆனால் ஊரைக் குழப்பக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. விடிந்த பிறகு குசினிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மிடறு வெறும் தேத்தண்ணி குடித்தார். மிச்சத்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டார். முப்பது வருடமாக ஒரு ரமழான் நோன்பைக்கூட விடாத மனுஷன். எனக்கு அழுகை வந்தது. அடுப்பைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

இது போதாதென்று பவாஸ். "ஜஸீல் நானா கண்டா கண்டதுதான்" என்று அவனும் நோன்பை விட்டுவிட்டானாம். அதுவும் மறைவாக அல்ல, கடை வாசலில் நின்று பணிஸ் தின்றிருக்கிறான். அதைக் கேட்டதும் இவர் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து படுத்தார்.

மார்ச் 21

பெருநாள். தொழுகை முடிந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது யாரோ, "நானாக்கு இது ரெண்டாவது பெருநாள்" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். இவர் வீட்டில் வட்டிலப்ப இனிப்பைக்கூடத் தொடவில்லை. ஸியாம் வீடியோவில் வந்தான். "வாப்பா, சிரிங்களேன்" என்றான். சிரித்தார். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 23

கண் டாக்டரிடம் போனோம். இவரே கேட்டுப் போனது. டாக்டர் தனேஸ்வரன் எழுத்துப் படிக்க வைத்தார், மருந்து விட்டுப் பார்த்தார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "உங்கட வயசுக்கு நல்ல கண். ஒரு பிழையும் இல்லை. சந்தோசமாப் போங்கோ" என்றார்.

சந்தோசமா! வேனில் ஏறியதும் இவர் சொன்னது: "கண்ணில பிழை இல்லாட்டி மனசிலதான் பிழை. எல்லாருக்கும் முந்திக் காணணும்டு ஆசைப்பட்டிருக்கேன். ஆசை கண்ணில வந்து நிண்டிருக்கு. அல்லாஹ்ட பேரால பொய் சொல்லியிருக்கேன்."

நான் கத்தினேன். என்ன பேச்சு இது, நீங்க பொய் சொல்ற ஆளா, வாய மூடுங்க என்று. வாசலில் நின்ற நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினால் சரியாகிவிடுமா? ஆனால் வேறென்ன செய்ய, எனக்குக் கத்தத்தான் தெரியும்.

இரவு ஸஜீதாவுக்குப் போன் எடுத்து, நிக்காஹ்வுக்கு வேறு சாட்சி பார்க்கச் சொன்னார். "என்ட சாட்சி இனிச் செல்லாது தங்கச்சி." அவள் என்னிடம் காரணம் கேட்டு அழுகிறாள். நான் என்னத்தைச் சொல்ல? பொய்க்காரன் என்று ஊர் இவரைச் சொல்லவில்லை. ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்துவிட்டது. இவர்தான் சொல்கிறார், அதுவும் தனக்கே. அதற்கு யாரிடம் போய் வழக்குப் பேசுவது?

மார்ச் 24

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பொழுது பட்டதும் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன். மேற்கே, தாழ்வாக, மெல்லிய வெள்ளிக் கீற்று. வளைந்து, கூராக, அவ்வளவு அழகு. என் வாய் தானாக "பிறை" என்றது. சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்குப் பிறை ஐந்தோ ஆறோ. அண்ணாந்து பார்த்தேன். நிலா மேலே உயரத்தில் கொழுத்துப்போய் இருக்கிறது!

அப்படியென்றால் கீழே இருப்பது யார்?

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கீற்று கொஞ்சம் இறங்கியது. பிறகு நீண்டது. நுனி கலைந்தது. பிறகு கரும்பலகையில் சோக்கைத் துடைத்த மாதிரிப் பரவி, இல்லாமல் போனது. நான் போனை எடுத்தேன். மேற்குப் பக்கம் ஒரே ஒரு மஞ்சள் பிளேன். பேங்கொக்கிலிருந்து மாலைதீவுக்கு. எங்கள் தலைக்கு மேலால் வந்து, மேற்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. அது விட்டுப்போகும் புகைக்கோடு நீளமாகத் தெரியவேண்டியது, பின்னாலிருந்து பார்ப்பதால் கட்டையாகத் தெரிகிறது. இங்கே இருட்டினாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில். அதனால்தான் அந்த மினுக்கம்.

தெருவுக்கே பிளேன் காட்டியவள் நான். வீட்டில் ஒருவர் உருகிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை? பிறை என்று சொன்னதால் பிளேனை நினைக்கவே இல்லை. டவராம் டவர்!

ஸியாமுக்குப் போன் எடுத்தேன். "உம்மா, பழையதும் பார்க்கலாம். ஆனா காசு கட்டாட்டி ஒரு கிழமை, ஏழு நாளைக்குத்தான் காட்டும், உடனே பாருங்க" என்று வழி சொன்னான். பத்தொன்பதாம் திகதிக்குப் போனேன். நோன்பு திறந்த நேரத்துக்கு ஓட்டினேன். இருந்தது. அதே பேங்கொக், அதே மாலைதீவு, ஸ்பிரிங்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் இறங்கிய இடத்துக்கு இடப்பக்கம். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன்.

கீழே போய் இவர் முன்னால் போனை வைத்தேன். ஓட்டிக் காட்டினேன். திரும்ப ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஆனா நான் கண்டது இதுதான்டு எப்பிடித் தெரியும்? நான்தான் கடைசிவரைக்கும் பாக்கல்லியே."

கடைசிவரை பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

மார்ச் 25

காலையிலேயே கடையைத் திறக்காமல் ஸ்பிரிங்வெளிக்குப் போனோம். பெரியாயி கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். இவர் வாயைத் திறக்கப் பயந்து நின்றார். நான்தான் கேட்டேன்.

"அன்னிக்குங்களா? மொதலாளி போனத் தூக்கிக்கிட்டு அங்கிட்டு ஓடிட்டாரு. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. அது அப்புறம் நீண்டுச்சு. நீண்டு, பொகை மாதிரி கலைஞ்சு போச்சு."

"ஏன் பெரியாயி, இதை அவரிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நானெங்கங்க அவரைக் கண்டேன்? அவரு வர்றதுக்குள்ள கொழந்தைக அழுவுதுன்னு லயத்துக்கு ஓடிட்டேன். அதோட உங்க சாமி சமாச்சாரம், நெலா கலையுமான்னு நான் போய்க் கேக்கலாங்களா?"

இவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே அழுகிறார். "இருந்திச்சு ஜெஸீமா. அங்க ஒண்டு இருந்திச்சு. நான் இல்லாததைக் காணல்ல." பெரியாயி என்னைப் பார்த்தாள். "மொதலாளிக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை, நல்லாகிவிட்டார் என்றேன்.

பிழை செய்தது உறுதியானதற்கு இவ்வளவு சந்தோசப்படும் மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை. வரும் வழி முழுக்க எனக்கும் சும்மா சும்மா கண் நிறைந்தது.

பின்னேரம் பஸீல் மௌலவியிடம் போனோம். அவர் போனில் இரண்டு தடவை பார்த்தார். "கண் கண்டதைத்தான் சொல்லியிருக்கீங்க. அதுக்குப் பேர் பொய் இல்ல, பிசகு. விட்ட நோன்பைக் கழாச் செய்யுங்க, இன்னொரு நாளைக்குப் பிடிச்சா முடிஞ்சிது" என்றார். பிறகு மெல்ல, "அந்தச் செயலியை எனக்கும் கொஞ்சம் போட்டுத் தாங்களேன்" என்றார்.

மார்ச் 27

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இவர் யாரும் கேட்காமலே எழும்பி நின்று சொல்லியிருக்கிறார். நான் கண்டது பிறை இல்லை, பிளேன் விட்ட புகை, என் பேச்சை நம்பி யாராவது நோன்பை விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று. பள்ளி முழுக்கச் சிரித்ததாம். இந்தத் தடவை இவரும் சேர்ந்து சிரித்தாராம். ஹாஜியார் இவர் கையைப் பிடித்து, "இதைச் சொல்ல மனசு வேணும்" என்றாராம். இதைச் சொல்லும்போது சோற்றில் இரண்டாம் தடவை கறி ஊற்றிக்கொண்டார். நான் அதைத்தான் பார்த்தேன்.

மார்ச் 30

கழா நோன்பு. இவரும் பவாஸும். துணைக்கு நானும் பிடித்தேன். பவாஸ் மூன்று தடவை கடையிலிருந்து வந்து, அக்காவிடம் கேட்கிற உரிமையில் என்னிடம், "தாத்தா, பிளேனுக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். பணிஸை வாசலில் நின்று தின்றதற்கு என்றேன்.

கஞ்சி இன்றைக்கு நன்றாக வந்தது.

ஏப்ரல் 5

ஷிப்னாவின் நிக்காஹ். கையெழுத்துப் போட இவரை அழைத்தபோது ஒரு கணம் தயங்கினார். ஸஜீதா, "நானா!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். போட்டுவிட்டார். என் இரண்டு கையிலும் மருதோண்டி.

ஏப்ரல் 18

மறுபடி பிறை இருபத்தொன்பது. இந்த மாதத்துப் பிறையை எங்கள் தெருவில் அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. மத்தியானம் ஹுமைத் ஹாஜியார் போன் எடுத்தார். "ஜஸீல், ஸ்பிரிங்வெளிப் பக்கம் வானம் தெளிவாம். போய்ப் பாத்துச் சொல்லுங்க." பிறகு, "டவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அந்தப் பெயர் பள்ளிவரைக்கும் போய்விட்டதா! இவரை முறைத்தேன். இவர் சாவியைத் தேடுகிற மாதிரி நழுவினார்.

அதே வளைவு. என் போனுக்கு அங்கே நல்ல சிக்னல் இருக்கிறது. அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இத்தனை பாடும் இல்லை. இதை நான் வழியில் நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். சூரியன் இறங்கியது. பெரியாயி லயத்துக்குப் போகிற வழியில் எங்களைக் கண்டு அவளும் நின்றாள்.

இவர்தான் முதலில் கண்டார். மூச்சு மாறியதில் எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, போனைப் பார்த்தார். நான் மேற்குப் பக்கம் முழுக்கத் தேடினேன். ஹப்புத்தளை மலையிலிருந்து கடல்வரை ஒன்றும் இல்லை.

"ஒண்டும் இல்லீங்க. பிளேன் இல்ல."

அப்போதும் அசையவில்லை. மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லியது, கொம்பு இரண்டும் மேலே, ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி. மலை விளிம்பை நோக்கி இறங்கியது. இறங்கும்போதும் அப்படியே இருந்தது. "நீளலீங்க மொதலாளி" என்றாள் பெரியாயி. அதற்குப் பிறகுதான் இவர் இரண்டு கையையும் ஏந்தி துஆக் கேட்டார்.

ஹாஜியாரை அழைத்துப் போனை நீட்டினேன். வாங்கவில்லை. "நீ சொல்லு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். எந்தத் திசை, கொம்பு எப்படி, எவ்வளவு நேரம், பிளேன் ஒன்றும் இல்லை, மூன்று பேர் பார்த்தோம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ஹாஜியார் இடையில் நிறுத்தினார்.

"அதெல்லாம் இரிக்கட்டும் மகள். ஜஸீல் கண்டாரா?"

"கண்டார்."

"அப்பப் போதும்" என்று வைத்துவிட்டார்.

இவர் தேயிலைச் செடிப் பக்கம் திரும்பி நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். வேனை நானே ஓட்டட்டுமா என்று கேட்டேன். உனக்கு ஓட்டத் தெரியாதே என்றார்.